மலைக்குப் பின்னால் இன்னொரு பெருமாள்

சேலத்திலிருந்து காரில் கிளம்புகிற ஒரு குடும்பம் நாமக்கல்லில் என்னென்ன செய்யும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். கோட்டை சாலையில் வண்டி நிறுத்த இடம் தேடும். செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கும். துளசி மாலையும் தேங்காய் பழத் தட்டும் வாங்கும். ஆஞ்சநேயர் முன்னால் நின்று அண்ணாந்து பார்க்கும். தீபாராதனை ஆனதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு நேர் எதிரே, மலையடியில், நரசிம்மரும் நாமகிரித் தாயாரும். நெற்றியில் குங்குமம், கையில் பிரசாதம். ஒரு மணி நேரம் ஆவதற்குள் வண்டி திருச்சி சாலையிலோ கரூர் சாலையிலோ போய்க்கொண்டிருக்கும்.

அவர்கள் பார்த்தது மலையின் மேற்குப் பக்கத்தை மட்டும்தான். அதே பாறையின் கிழக்குச் சரிவில் இன்னொரு குகையில் அரங்கநாதர் பாம்பணைமேல் படுத்திருக்கிறார். பாறையின் தலையில் ஒரு கோட்டை. கோட்டைக்குள் ஒரு வரதராஜப் பெருமாள், சற்றுத் தள்ளி ஒரு தர்கா. அடிவாரத்தில் கமலாலயக் குளம். ஊருக்குள் தமிழ்நாட்டின் முதல் அரசவைக் கவிஞரின் வீடு. இத்தனையும் ஒரே ஒரு பாறையைச் சுற்றி, கால்நடையாகவே போய் வரும் தூரத்தில் இருக்கின்றன. மாவட்டத் தலைநகர் ஒன்றில் இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் இவ்வளவு இருப்பது அபூர்வம். ஆனாலும் முட்டை, லாரி, ஆஞ்சநேயர் என்று மூன்று சொற்களில் இந்த ஊரை முடித்துவிடுகிறோம்.

நாமக்கல்லைக் கும்பிட்டுவிட்டுப் போகிற ஊராகவே வைத்திருக்கிறோம். அதை நடந்து பார்க்கிற ஊராக நினைத்துப் பாருங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

ஒற்றைக் கல்

சேலத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ராசிபுரத்தைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடும். சோளமும் மரவள்ளியும் கோழிப்பண்ணைகளின் நீண்ட கொட்டகைகளும் மாறிமாறி வரும். அந்தச் சமவெளியில் சந்தையில் கவிழ்த்து வைத்த கூடை மாதிரி ஒரு பாறை தனியாகத் தெரிந்தால் நாமக்கல் வந்துவிட்டது என்று அர்த்தம். உயரம் சுமார் 65 மீட்டர். அடிக்கணக்கில் 200-ஐக் கொஞ்சம் தாண்டும். மண் கலக்காத, மரம் அடராத வெறுங்கல்.

அந்தக் கல் இங்கே வந்த கதையை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து ஆஞ்சநேயர் ஒரு சாளக்கிராமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வான்வழியே வருகிறார். இங்கே கமலாலயத்தில் இறங்கி அனுஷ்டானம் செய்ய வேண்டும். ஆனால் சாளக்கிராமத்தைத் தரையில் வைக்கக் கூடாது. அங்கே தவம் செய்துகொண்டிருந்த மகாலட்சுமியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். திரும்பி வர நேரமாகிவிடுகிறது. தாயார் கீழே வைத்துவிட, சாளக்கிராமம் மலையாக வளர்ந்துவிடுகிறது. தாயாருக்கு நரசிம்மராகக் காட்சி கொடுத்த பெருமாள் மலைக்குள்ளேயே தங்கிவிட்டார். கொண்டுவந்தவரும் எதிரே கைகூப்பியபடி நின்றுவிட்டார்.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் இந்த ஊரின் அமைப்பை இந்தக் கதையை வைத்துத்தான் படிக்க முடியும். மலையே தெய்வம், கோயில்களெல்லாம் அதற்குள் திறந்த வாசல்கள். ஆஞ்சநேயர் மட்டும் மலைக்கு வெளியே நிற்கிறார், மலையைப் பார்த்தபடி.

கூரை வேண்டாம் என்றவர்

18 அடி உயரம், ஒரே கல். கழுத்தில் சாளக்கிராம மாலை, இடுப்பில் வாள். பறப்பதுமில்லை, மலையைத் தூக்குவதுமில்லை. கும்பிட்ட கையோடு கிழக்கு முகமாக நிற்கிறார். அவருடைய பார்வை நரசிம்மரின் பாதத்தில் விழும்படி அமைத்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். சன்னிதிக்குச் சுற்றுமதில் உண்டு, மண்டபம் உண்டு. அவர் தலைக்கு மேல் மட்டும் ஒன்றும் கிடையாது. மலையாக நிற்கிற பெருமாளுக்கே கூரை இல்லாதபோது சேவகனுக்கு எதற்கு என்பது ஊர் சொல்லும் காரணம். அவர் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறார், கூரை போட்டால் இடிக்கும் என்று சொல்லும் பாட்டிகளும் உண்டு. சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் அவர் மேல் நேராகத்தான் விழுகின்றன.

ஜப்பானின் கமகுராவில் இதே போலக் கூரையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் உண்டு. டோக்கியோவுக்குத் தெற்கே, அதுவும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்தில், ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானின் முதல் ஷோகன் ஆட்சி உட்கார்ந்த ஊர். கோதோகு-இன் கோயிலில் இருக்கும் வெண்கல அமிதா புத்தர் பீடம் நீங்கலாகவே 37 அடி. 1252-இல் வார்க்கத் தொடங்கினார்கள். அவரைச் சுற்றி ஒரு காலத்தில் பெரிய மர மண்டபம் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கடல் பொங்கி வந்து அதை அடித்துக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். அதன் பிறகு யாரும் மண்டபம் கட்டவில்லை. ஐந்து நூற்றாண்டாக மழையிலும் வெயிலிலும் இருந்து பச்சை பூத்துவிட்டார்.

இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஒருவருக்குக் கூரை போனது, இன்னொருவருக்குக் கூரை வைக்கவேயில்லை. ஆனால் கமகுராவுக்குப் போகிறவர் புத்தரைப் பார்த்த கையோடு டோக்கியோவுக்கு ரயில் ஏறுவதில்லை. பக்கத்து ஹசே-தெரா கோயிலுக்கு நடப்பார். குன்றுகளின் மேல் கோயிலிலிருந்து கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. அதில் நடப்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. சுருகாவோகா ஹச்சிமான் ஆலயத்துக்குப் போகும் நேர்ச்சாலையில் பலகாரம் தின்றபடி அலைவார். ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கமகுராவை அப்படியே நாமக்கல்லில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நடக்கிற மனசு மட்டும் இங்கே வந்தால் போதும்.

வடையைப் பற்றிச் சொல்லாமல் ஆஞ்சநேயரை விட்டு நகர முடியாது. மார்கழி அமாவாசையும் மூல நட்சத்திரமும் கூடும் அனுமன் ஜயந்தி அன்று அவருக்குச் சாத்துவது 1,00,008 வடைகள் கோத்த மாலை. ஸ்ரீரங்கத்திலிருந்து மடப்பள்ளிக் கைகள் வந்து நாட்கணக்கில் உட்கார்ந்து சுடுவார்கள். உளுந்து, மிளகு, சீரகம், உப்பு. வெங்காயம் மிளகாய்க்கு இடமில்லை. அதனால்தான் அந்த வடை கெடாமல் நிற்கிறது. மெல்லுவதற்குப் பல் உறுதியாக இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். மாலை சாத்தினதும் கழுத்துக்குக் கீழே கல் தெரியாது, முழுக்க வடைதான். அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே வரிசை தெருக்களைச் சுற்றி வளைந்து நிற்கும். பக்திக்கு அந்த நாள் சரி, ஊர் பார்ப்பதற்குச் சரிவராது.

இருட்டில் இருக்கிற சிற்பங்கள்

நரசிம்மர் சன்னிதிக்குள் போகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது நடுவில் இருக்கும் நரசிம்மரை மட்டும்தான். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், உள்ளே வெளிச்சம் குறைவு, பின்னாலிருந்து தள்ளுவார்கள். அதனால் பக்கச் சுவர்களில் இருப்பது கண்ணில் படுவதில்லை. இழப்பு சாதாரணமானதில்லை. இது கட்டின கோயில் இல்லை, குடைந்த கோயில். எட்டாம் நூற்றாண்டில் அதியமான் மரபைச் சேர்ந்த மன்னன் காலத்தில் பாறையைக் குடைந்து, குடைந்த சுவரிலேயே உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். தனியாகச் செய்து கொண்டுவந்து வைத்த சிலை ஒன்றுகூட இந்தக் குகைச் சுவர்களில் இல்லை. உளி ஒரு தடவை வழுக்கினால் மாற்றிவைக்க வேறு கல் கிடையாது.

நடுவில் இருப்பவர் கோப நரசிம்மர் இல்லை. வேலை முடிந்து சிம்மாசனத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். முனிவர்களும் சூரிய சந்திரரும் சூழ நிற்க, பிரம்மாவும் சிவனும் பார்க்க வந்திருக்கிறார்கள். கோபம் முழுவதும் பக்கச் சுவரில் இருக்கிறது. அங்கே இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கிறார். அதே நிகழ்ச்சியின் முன்னும் பின்னும் ஒரே அறையில்! பூமியைத் தூக்கி வரும் வராகர், அனந்தன் மேல் அமர்ந்திருக்கும் வைகுண்ட நாராயணர், வானம் வரை கால் தூக்கிய உலகளந்தவர் என்று சுவருக்கு ஒருவர். உலகளந்தவரின் தூக்கிய காலையும் ஊன்றிய காலையும் மாறிமாறிப் பாருங்கள். ஒரே சுவரில் மூன்று உலகத்தை அடைத்த சிற்பியின் துணிச்சல் அந்த இரண்டு கால்களுக்கு நடுவில் இருக்கிறது.

கூட்டமில்லாத நாளில் போனால் பட்டர் தீபத்தை உயர்த்தி ஒவ்வொரு சுவராகக் காட்டுவார். சுடர் நகர நகர உருவங்கள் வெளியே வரும். மின்விளக்கில் பார்ப்பதைவிட இப்படிப் பார்ப்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது; செதுக்கினவர்களும் இந்த வெளிச்சத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

வெளியே நாமகிரித் தாயார் சன்னிதி. இவர் கணித மேதை இராமானுஜனின் குலதெய்வம். 1887 டிசம்பர் 22-இல் இராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில். அம்மா கோமளத்தம்மாள் நாமகிரியைக் கேட்காமல் எதையும் செய்யாதவர். கனவில் நாமகிரி வந்து சூத்திரங்களைக் காட்டுவதாக இராமானுஜனே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டியின் அழைப்பு வந்தபோது கடல் தாண்டக் கூடாது என்ற ஆசாரம் குறுக்கே நின்றது. கடைசியில் மகனின் வழியில் நிற்காதே என்று நாமகிரி கனவில் சொன்னதாக அம்மா சம்மதித்தார் என்பது ஒரு கதை. இராமானுஜனே நாமக்கல் வந்து மூன்று இரவு கோயிலில் படுத்திருந்து உத்தரவு வாங்கினார் என்பது இன்னொரு கதை. எது நடந்ததோ, 1914 மார்ச்சில் அவர் சென்னையில் கப்பல் ஏறிவிட்டார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போய் அவர் அறையைத் தேடுகிற தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இந்தத் தாயார் சன்னிதிக்கு வந்திருப்பார்கள்?

மறுபக்கம்

இனிதான் நாம் வழக்கமாகப் போகாத பகுதி. கோயிலை விட்டு வெளியே வந்து மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால், நிதானமாக நடந்தாலும் அரை மணிக்குள் கிழக்குப் பக்கம் வந்துவிடலாம். வழியில் டீக்கடை, வெல்டிங் பட்டறை, பூக்கடை எல்லாம் வரும். ஒவ்வொரு தெருமுனையிலும் பாறை வேறு வேறு முகம் காட்டும்.

அரங்கநாதர் குகைக்குப் படியேற வேண்டும், செங்குத்தாகத்தான் இருக்கும். மேலே போனதும் முதலில் தெரிவது அமைதி. மேற்கில் நூறு பேர் நிற்கும் நேரத்தில் இங்கே நாலு பேர் இருப்பார்கள். உள்ளே பெருமாள் கார்க்கோடகன் மேல் பள்ளிகொண்டிருக்கிறார். வழக்கமான ஆதிசேஷன் இல்லை. மலைப்பாறையோடு பாறையாகக் கிடக்கும் பெரிய உருவம். மது, கைடபர் என்ற அசுரர்கள் வர, சுற்றிலும் தேவர்களும் முனிவர்களும் இருக்க, இவர் மட்டும் தூங்குகிறார்.

இங்கே தவறவிடக் கூடாதது சங்கரநாராயணர். ஒரே உடலில் பாதி சிவன், பாதி விஷ்ணு. விஷ்ணுவுக்காகவே குடைந்த குகையில் சிவனுக்குப் பாதி இடம் கொடுத்திருக்கிறான் அந்த அதியன்.

கொடுத்தவன் பெயரும் நமக்குத் தெரியும். குகையில் பல்லவ கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. அதிய மரபில் வந்த குணசீலன் இதைச் செய்வித்தான் என்றும், கோயிலுக்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர் என்றும் அது சொல்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவனுக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள் இவர்கள். அப்போது வடக்கே பல்லவன், தெற்கே பாண்டியன். நடுவில் இந்தச் சமவெளி. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் அதியனைத் தோற்கடித்த செய்தி அவனுடைய செப்பேட்டில் இருக்கிறது. பல்லவனும் சேரனும் துணைக்கு வந்தும் அதியனுக்குப் பயனில்லை. இரண்டு யானைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு சிற்றரசு, உலகத்தரமான இரண்டு குகைகளைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறது. மாமல்லபுரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாமக்கல்லைப் பற்றியும் பேச வேண்டும். இரண்டு இடமும் ஏறக்குறைய ஒரே காலத்துக் கைவேலை. ஒன்று உலகப் பாரம்பரியச் சின்னம். மற்றொன்றுக்கு உள்ளூர்க்காரர்களே வைகுண்ட ஏகாதசி அன்று சொர்க்கவாசல் திறக்கும்போதுதான் கூட்டமாக ஏறுகிறார்கள்.

கோட்டையில் நின்று பார்த்தால்

கோட்டைக்கு வழி தென்மேற்குப் பக்கம். பாறையிலேயே வெட்டிய படிகள். குறுகலானவை, சில இடத்தில் குனிந்து போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கல் சுடும், காலையிலேயே ஏறிவிடுவது நல்லது.

சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டினார் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. மலையின் கல்லையே வெட்டி அடுக்கிய மதில், பாறை விளிம்பை ஒட்டியே வளைந்து போகிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் திப்பு சுல்தான் கோட்டை என்பார்கள். திப்பு இங்கே ஒளிந்திருந்தார் என்பார்கள். தமிழ்நாட்டில் மலைமேல் மதில் இருந்தால் அங்கே திப்பு ஒளிந்திருப்பார் என்பது கிட்டத்தட்ட விதி. ஆவணத்தில் நிற்பது இது: முதல் மைசூர்ப் போரில் 1768-இல் கர்னல் வுட் தலைமையிலான ஆங்கிலேயப் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது, சில மாதங்களிலேயே ஹைதர் அலி திரும்ப எடுத்துக்கொண்டார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு சேலமும் பாராமகாலும் கம்பெனிக்குப் போய்விட்டன. கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மேலே போனால் கட்டடங்களாகப் பார்ப்பதற்கு அதிகம் கிடையாது. வரதராஜப் பெருமாள் கோயில், தர்கா, சுனை, வெறும் பாறை. இதற்காக ஏமாற்றமடைந்து இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உள்ளே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வெளியே. வடகிழக்கில் நைனாமலை கூர்மையாக நிற்கிறது, அதன் உச்சியிலும் ஒரு வரதராஜப் பெருமாள். அதற்கும் அப்பால் கிழக்கே நீலமாகக் கொல்லிமலை, வல்வில் ஓரி ஆண்ட மலை. தெற்கே காவிரிப் பக்கம் தென்னையும் வாழையும் பச்சைக் கோடாகத் தெரியும். கீழே ஊரைப் பார்த்தால் லாரிகள். பாடி கட்டாத வெறும் சேஸிஸ், பாதி கட்டிய மரச்சட்டம், பெயின்ட் அடித்துக் காயும் கேபின், கேஸ் டேங்கர்கள். இந்தியாவில் எந்த நெடுஞ்சாலையிலும் உங்களை முந்துகிற லாரிகளில் ஒன்று இங்கே பிறந்திருக்கும். புது லாரி முதலில் ஆஞ்சநேயர் கோயில் பக்கம் வந்து எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போகும். எட்டாம் நூற்றாண்டுச் சிற்பத்தையும் இன்றைக்கு அடித்த பெயின்ட்டையும் ஒரே காலையில் பார்க்கக் கிடைக்கிற ஊர் வேறு எது?

பாதுகாப்புப் பொறுப்பு மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. பாறையில் பெயர் கிறுக்கும் காதலர்களிடமிருந்து யார் பாதுகாப்பது என்று தெரியவில்லை.

கவிஞரின் ஊர்

கீழே இறங்கினால் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் வீடு, இப்போது நினைவு இல்லமும் நூலகமும். பிறந்தது 1888 அக்டோபர் 19, காவிரிக்கரை மோகனூரில். அப்பா போலீஸ்காரர். மகனோ ஓவியம் தீட்டினார், பாட்டெழுதினார், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனார். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்கள் பாடிக்கொண்டு போனது இவருடைய பாட்டு. 1949-இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆனார். இவர் எழுதிய மலைக்கள்ளன் நாவல் 1954-இல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடிக்கப் படமாகி வெள்ளிப் பதக்கம் வாங்கியது. சென்னைக் கோட்டையில் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்று பெயர். அந்த மாளிகைக்குள் தினமும் போய் வருகிற ஆயிரக்கணக்கானோர் இந்தச் சின்ன வீட்டையும் ஒரு தடவை பார்க்கலாம்.

ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இப்போது கிடைத்திருக்கிறது. மலையடியில் வெளியூர்ப் பேருந்துகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நிலை மாறி, 2024 அக்டோபரில் முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம் திறந்தார்கள். அதே ஆண்டில் நாமக்கல் மாநகராட்சியும் ஆயிற்று. பாறையைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு இத்தனை வருடத்தில் முதல் முறையாக மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தைக் கார் நிறுத்தத்துக்குத் தாரைவார்க்காமல், மலையைச் சுற்றி ஒரு நடைபாதை போடலாம். பங்குனியில் நரசிம்மர், அரங்கநாதர், ஆஞ்சநேயர் மூவருக்கும் தேர் ஓடுகிறது. அன்று ஜனங்கள் நடக்கிற தெருக்களில் மற்ற நாளிலும் நடக்க முடிய வேண்டும். கோடிக்கணக்கில் செலவாகும் திட்டமெல்லாம் வேண்டாம். நிழலுக்கு வேப்பமரம், உட்காரத் திண்ணை, கழிப்பறை, கல்வெட்டு என்ன சொல்கிறது என்று பிழையில்லாத தமிழில் நாலு பலகை.

இரவு தங்கினால்

மறுநாள் கையில் இருந்தால் இரண்டு இடம் சொல்வேன். திருச்செங்கோடு பக்கம்தான். சம்பந்தர் பாடிய கொடிமாடச் செங்குன்றூர் இதுவே. ஆயிரத்து இருநூறு படிக்கு மேல் ஏறினால் ஆணும் பெண்ணும் ஒன்றான அர்த்தநாரீசுவரர். மலைப்பாதையில் வண்டியும் போகும். ஆனால் வண்டியில் போனால் பாறையில் செதுக்கிய அறுபதடி நாகத்தையும், சத்தியம் செய்யும் அறுபதாம் படியையும் தவறவிடுவீர்கள். அந்தப் படியில் நின்று பொய் சொல்ல மாட்டார்கள் என்பது இந்தச் சீமையின் நம்பிக்கை. பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவலைப் படித்துவிட்டு வருகிறவர்களும் இப்போது உண்டு. கீழே ஊரில் லாரிக்குப் பதிலாகப் போர்வெல் ரிக் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

இன்னொன்று தாரமங்கலம். சேலத்துக்கு மேற்கே, ஒரு மணி நேரத்துக்குள். கட்டி முதலிகள் என்ற பாளையக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் எழுப்பிய கைலாசநாதர் கோயில். யானையும் குதிரையும் இழுக்கும் தேர் மாதிரி அமைத்த ராஜகோபுரம், சிங்கத்தின் வாய்க்குள் உருளுகிற ஆனால் வெளியே வராத கல்லுருண்டை, எண்கோணத் தெப்பக்குளம் எல்லாவற்றையும் வழிகாட்டிகள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது வாலி வதம். ஒரு தூணில் இராமன் வில்லோடு மறைந்து நிற்கிறான். வேறு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள். இராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். மறைந்திருந்து கொன்றது நியாயமா என்று புலவர்கள் ஏடுஏடாக எழுதினார்கள். இந்தச் சிற்பி வாதத்துக்கே போகவில்லை. இரண்டு தூண்களுக்கு நடுவில் உங்களை நிறுத்தி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டான். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் மாசியில் மூன்று நாள் மாலை வெயில் உள்ளே லிங்கம் வரை போகும். அப்போது கூட்டமும் போகும்.

போக்குவரத்துக்குக் குறையில்லை. சேலம் - நாமக்கல் - கரூர் ரயில் பாதை 2013-இல் திறந்தது. பேருந்து நினைத்த நேரத்துக்கு உண்டு; முதலைப்பட்டியில் இறங்கினால் அங்கிருந்து டவுன் பஸ். கோயில் நடை மதியம் சாத்தி மாலையில்தான் திறக்கும் என்பதால் காலையில் குகைகளும் கோட்டையும், வெயில் நேரத்தில் கவிஞர் வீடு, மாலையில் மோகனூர்க் காவிரி என்று வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். செவ்வாயோ புதனோ போனால் பட்டரிடம் இரண்டு வார்த்தை பேச முடியும். சாப்பாட்டுக்கு இந்த மாவட்டத்தின் புகழ் பள்ளிபாளையம் சிக்கன்: மசாலாப்பொடி கிடையாது, சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு மட்டும். பெருமாளைச் சேவித்த அன்று கவுச்சி தொடக் கூடாது என்கிற வீடு என்றால் மறுநாள் வரை பொறுத்திருங்கள், அல்லது சேலத்துக்குத் திரும்பி ஒரு தட்டுவடை செட் சாப்பிடுங்கள்.